பம்மல் தோலும் வணிக ஒப்பந்தங்களும்

சென்னையின் தெற்கே பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை ஆகியவை தோல் பதனிடும் ஊர்கள். ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் மதராஸ் துறைமுகம் வழியாக இங்கிலாந்து சென்றது. 1903 முதல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் மதராஸில் குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறையைச் சோதித்தார்; பின்னர் எழுந்த குரோம் லெதர் கம்பெனியே குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது.

1970களில் இந்திய அரசு அரைப்பதனத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முழுமையாக்கிய தோலும் காலணியும் முன்னுக்கு வந்தன. தோல் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்ததால், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத் தோல் ஆலைகளுக்குச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது.

அடுத்து வந்தவை, வரியைக் குறைக்க நாடுகளின் கூட்டமைப்புகளுடன் இந்தியா செய்த வணிக ஒப்பந்தங்கள். ஆசியானுடனான சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் அடங்கிய எஃப்டா அமைப்புடன் 2024 மார்ச் 10 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 2025 அக்டோபர் 1 முதல் அது அமலில் உள்ளது.

வரி குறைந்தாலும் தரவிதி தளராது. உடலின் தோலைத் தொடும் தோல்பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2015 மே முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் சந்தையின் கதவைத் திறக்கும். உள்ளே செல்லத் தூய்மையான பதனீடு வேண்டும்.