பிற கிறித்தவர் குறித்த கத்தோலிக்க நிலைப்பாடு

உரோமைத் திருச்சபையோடு உறவில் இல்லாத கிறித்தவர்களைக் கத்தோலிக்கர் எவ்வாறு மதித்துவந்தனர் என்பது இக்கட்டுரையின் பொருள். கீழைத் திருச்சபையார், லூத்தரன் சபையார், கால்வினியர், ஆங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் எனப் பிரிந்தோர் பல வகையினர். அவர்களைப் பற்றிய கருத்தும் ஒருபடித்தாக இருந்ததில்லை. ஆயினும் ஓரிழை மட்டும் அறுபடாமல் வருகிறது. பிரிந்தவரின் சபை தள்ளத்தக்கது. அவர் முறைப்படி பெற்ற ஞானஸ்நானம் தள்ளத்தக்கதன்று. கண்டனம் ஓங்கிய காலத்திலும் இந்த இரண்டாம் பாதி கைவிடப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றத்துக்கு வித்தும் அதுவே.

தொடக்க நூற்றாண்டுகள்

திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற கருத்தை மூன்றாம் நூற்றாண்டில் அழுத்தமாக எழுதியவர் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியான். பிற்காலக் கண்டன ஆவணங்கள் பலவும் அவர் தோளில் ஏறி நிற்பவை. அவரே இன்னொரு வழக்கில் தோற்றார் என்பதை அந்த ஆவணங்கள் அவ்வளவாக நினைவூட்டுவதில்லை. பிரிவினைக்காரரிடம் ஞானஸ்நானம் பெற்று வந்தவருக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது சிப்பிரியான் கட்சி. வேண்டாம், தலைமேல் கைவைத்துச் சேர்த்துக்கொண்டால் போதும் என்பது திருத்தந்தை முதலாம் ஸ்தேவான் கட்சி. 255, 256ஆம் ஆண்டுகளில் இருவரும் கடுமையாக மோதினர். உரோமையின் வழக்கமே நிலைத்தது. பின்னர் வட ஆப்பிரிக்காவில் பிரிந்துநின்ற தொனாத்தியரோடு வாதிட்ட ஆயர் அகுஸ்தினார், ஞானஸ்நானம் கொடுப்பவருடைய உடைமையன்று, கிறிஸ்துவினுடையது என்று அதற்குத் தத்துவ பலம் சேர்த்தார். அதே அகுஸ்தினார் தொனாத்தியரை அரசாணையால் நெருக்கிச் சபைக்குள் கொணர்வதற்கும் இசைந்தார் என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

இடைக்காலமும் கீழைத் திருச்சபையும்

1054ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கர்தினால் ஹும்பெர்ட்டு, கான்ஸ்தாந்திநோப்பிளின் ஹாகியா சோபியா ஆலயப் பீடத்தில் சபைநீக்க ஆணையை வைத்துச் சென்றார். அவரை அனுப்பிய திருத்தந்தை ஒன்பதாம் லியோ அதற்கு மூன்று மாதம் முன்பே இறந்துவிட்டார். ஆகவே அவ்வாணை செல்லுமா என்பது இன்றும் வாதத்துக்குரியது. பெரும்பிளவை அந்த நாளில் தொடங்குவது மரபு. 1204இல் சிலுவைப்போர் வீரர்கள் கான்ஸ்தாந்திநோப்பிளைக் கொள்ளையிட்டதே பிளவை ஆறாத புண்ணாக்கியது என்போரும் உளர். 1439இல் புளோரன்சு சங்கம் அறிவித்த ஒன்றிப்பு நிலைக்கவில்லை. அதே சங்கம் 1442இல் வெளியிட்ட ஆணை, பிரிவினையாளர் இறக்குமுன் திரும்பாவிடில் நித்திய நெருப்புக்கே போவர் என்றது. கத்தோலிக்க ஆவணங்களில் இதைவிடக் கடுமையானதைக் காண்பது அரிது.

சீர்திருத்தக் காலம்

1520இல், சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் 41 கூற்றுகள் கண்டிக்கப்பட்டன. 1521 ஜனவரியில் அவர் சபைநீக்கம் செய்யப்பட்டார். 1545 முதல் 1563 வரை இடைவெளிகளோடு கூடிய திரெந்து சங்கம் சீர்திருத்தக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளியது. ஆனால் அச்சங்கத்தின் ஏழாம் அமர்வு, உரிய வாக்கியத்தைச் சொல்லி உரிய நோக்கத்தோடு பிரிவினையாளர் கொடுக்கும் ஞானஸ்நானமும் மெய்யான ஞானஸ்நானமே என்று 1547இல் விதித்தது. ஸ்தேவானின் பழைய தீர்ப்பு புயல் நடுவிலும் தப்பிப் பிழைத்தது.

கேரளமும் இலங்கையும்

இந்திய மண்ணில் பிற கிறித்தவரை எப்படி மதிப்பது என்ற கேள்வி முதலில் எழுந்தது கேரளத்துத் தோமா கிறித்தவரிடம். 1599 ஜூனில் கோவாப் பேராயர் அலேசு தெ மெனேசிசு உதயம்பேரூரில் கூட்டிய மன்றம், அவர்களிடம் கிறிஸ்துவின் இறைத்தன்மையையும் மனிதத்தன்மையையும் பிரித்துக் காணும் நெஸ்தோரியப் பிழை உண்டெனக் கொண்டு சிரியாக்கு நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. எரிந்தவற்றில் என்னென்ன இருந்தன என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. அச்சமூகம் உண்மையிலேயே நெஸ்தோரியக் கொள்கை உடையதா, மன்றம் சட்டப்படி செல்லுமா என்ற இரண்டிலும் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. 1653இல் மட்டாஞ்சேரியில் தோமா கிறித்தவர் எடுத்த கூனன் குரிசு சத்தியம் இயேசு சபையாருக்கு மட்டும் எதிரானதா, உரோமைக்கே எதிரானதா என்பதும் அவரவர் சபையைப் பொறுத்து வேறுபடும் விடை.

இலங்கையில் நிலைமை தலைகீழ். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கால்வினியர். அவர்கள் ஆட்சியில் ஒடுக்கப்பட்டோர் கத்தோலிக்கர். 1687இல் யாழ்ப்பாணம் வந்த கத்தோலிக்கக் குரு யோசேவாஸ் முனிவர் மாறுவேடத்தில் திரிந்து தேவதிரவிய அனுமானங்களை நிறைவேற்றினார். அவருக்குப் பின்வந்த யாக்கோமே கொன்சால்வஸ் தமிழிலும் சிங்களத்திலும் கால்வினிய மறுப்பு நூல்களை எழுதினார்.

தரங்கம்பாடி விவாதம்

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் பிற கிறித்தவரைப் பார்த்த முறைக்கு மிகுந்த சான்றுகள் கிடைப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில். தரங்கம்பாடி லூத்தரன் மிஷனரிகள் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு ஓயாது அறிக்கை எழுதினர். அவை 1710 முதல் அச்சேறின. மதுரை மிஷன் இயேசு சபையாரும் தம் தலைமைக்குக் கடிதம் எழுதத் தவறவில்லை. இருதரப்புக் காகிதமும் இவ்வளவு தங்கிய காலம் வேறில்லை.

இயேசு சபைக் குரு ராபர்ட்டு தெ நொபிலி மதுரை வந்தது 1606. சரியாக நூறாண்டு கழித்து, 1706 ஜூலை 9 அன்று, டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கு அனுப்பிய சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினர். வந்த இடம் வெற்றிடமன்று. டேனியக் கோட்டை நிழலிலேயே கத்தோலிக்கக் கோயில் ஒன்று இருந்தது. சீகன்பால்கு தேடிச் சேர்த்த சுவடிகளுக்கு 1708இல் எழுதிய பட்டியலில் கத்தோலிக்க நூல்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. தமிழில் கிறித்தவம் பேசத் தேவையான சொற்களில் பலவற்றை அவர் அந்த ஏடுகளிலிருந்தே கற்றார். தமக்கு ஒவ்வாதவற்றை நீக்கிவிட்டு மற்றதைப் பயன்படுத்திக்கொண்டார். மறுப்பு எழுதவிருந்தவர்களின் நூல்களே எதிர்த்தரப்புக்குப் பள்ளிக்கூடமாக அமைந்த இந்தச் செய்தி, இருதரப்பு வரலாறுகளிலும் போதிய இடம் பெறவில்லை.

இயேசு சபையாரின் சினத்துக்குக் கொள்கை மட்டும் காரணமன்று. பரங்கி மார்க்கம் என்ற பழி ஒட்டாதிருக்க அவர்கள் காவியுடுத்தி, புலால் நீக்கி, சந்நியாசிகளாக வாழ்ந்துவந்தனர். ஐரோப்பியக் கோட்டையிலிருந்து ஐரோப்பிய உடையிலேயே வந்து அதே கிறிஸ்துவைப் போதிப்பவர்கள் நூறாண்டு உழைப்பைக் குலைத்துவிடுவர் என்ற அச்சம் நியாயமானதே. ஊரார் கண்ணுக்கு இருவரும் ஒரே வேதக்காரர்.

லூத்தரன் தரப்பிடம் அச்சுக்கூடம் இருந்தது. 1713இல் தமிழ் அச்சு தொடங்கியது; 1715இல் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது; 1719இல் சீகன்பால்கு இறந்தபின் மிஷனரி சூல்ட்சே பழைய ஏற்பாட்டை 1728இல் முடித்தார். அதே 1728, வீரமாமுனிவர் என்னும் இயேசு சபைக் குரு கொன்ஸ்தான்சு பெஸ்கி 'வேத விளக்கம்' எழுதிய ஆண்டாகவும் கொள்ளப்படுகிறது. லூத்தரன்மார் வெளியிட்ட 'திருச்சபைப் பேதகம்' என்னும் நூலுக்கு மறுமொழியாக அவர் 'பேதகம் மறுத்தல்' இயற்றினார்; 'லூத்தரினத்தியல்பு' என்ற சிறுநூலும் அவருடையது. சுரூப வணக்கம், தேவமாதா பக்தி, உத்தரிக்கிற ஸ்தலம், பாவசங்கீர்த்தனம், திருத்தந்தையின் அதிகாரம் ஆகியவையே இருதரப்பும் மோதிக்கொண்ட பொருள்கள். மறுப்பு நூல்களில் லூத்தரன்மாருக்கு வழங்கும் பெயர் பதிதர் என்பது. அப்போஸ்தலர் காலம் முதல் வரும் குருபரம்பரை அவர்களிடம் இல்லை, நேற்று முளைத்த மதம் என்பது வாதத்தின் அடித்தளம். பரம்பரையை மதிக்கும் தமிழ்க் கேட்போரிடம் இந்த வாதம் ஐரோப்பாவில் எடுபட்டதைவிட நன்றாகவே எடுபட்டிருக்கும்.

தரங்கம்பாடி வேதாகமத்தின் தமிழையும் பெஸ்கி எள்ளி நகையாடினார். தேம்பாவணி பாடிய கைக்கு அந்த நடை உறுத்தியதில் வியப்பில்லை. கொள்கைப் பிழையைவிட மொழிப் பிழைதான் அவரை அதிகம் எரிச்சலூட்டியதோ என்றுகூட எண்ணத் தோன்றும். ஆனால் அச்சு அவர் பக்கம் இல்லை. மறுப்பு நூல்கள் ஓலையில் படியெடுக்கப்பட்டு உபதேசியார் கைவழியே ஊர்ஊராகச் சென்றன. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்க'த்தை அச்சிட்டவர்கள் இயேசு சபையார். 1679இல் அம்பழக்காட்டில் புரோயென்சாவின் தமிழ் போர்த்துக்கீச அகராதியை அச்சிட்டவர்களும் அவர்களே. பெஸ்கி காலத்தில் அந்த அச்சுக்கூடங்கள் இல்லை. 1747இல் அவர் இறந்த இடமும் அதே அம்பழக்காடு என்பது இப்போது பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. பழைய நூலாசிரியர் சிலர் மணப்பாடு என்பர்.

விவாதம் ஏட்டோடு நிற்கவில்லை. தஞ்சாவூர்ப் படையில் சேர்வைக்காரராக இருந்த ராஜநாயக்கன் என்னும் கத்தோலிக்கர், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களைப் படித்து 1720களின் இறுதியில் லூத்தரன் சபையில் சேர்ந்து உபதேசியாரானார். வேத விளக்கத்தின் காலமும் இதை ஒட்டியே வருகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் எனத் துணிய இடமில்லை. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் பன்னிரண்டு வயதளவில் லூத்தரன் மிஷனரி சுவார்ட்சு ஐயருடன் தஞ்சாவூர் சென்றது இதற்கு அரை நூற்றாண்டுக்கும் பிந்தியது. இவையெல்லாம் குருமாரையும் உபதேசியாரையும் கவிராயரையும் பற்றிய செய்திகள். ஒரே தெருவில் குடியிருந்த கத்தோலிக்கக் குடியானவரும் லூத்தரன் குடியானவரும் ஒருவரையொருவர் எப்படி நினைத்தனர் என்பதை அறிக்கை எழுதியோர் கேட்டு எழுதவில்லை.

இந்தச் சண்டையால் தமிழ் உரைநடை பெற்ற ஆதாயத்தைக் குறிக்காமல் விட இயலாது. புலவருக்கன்றிப் பாமரருக்காக, ஒரு கொள்கையை நிறுவவும் மறுக்கவும் எழுதிய நீண்ட உரைநடை இங்கேதான் பழக்கத்துக்கு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் தமிழ்நாட்டுச் சான்றுகள் மெலிகின்றன. 1838 முதல் கத்தோலிக்கரின் கோபம் பெரும்பாலும் உள்வீட்டுக்கே செலவாயிற்று: கோவா ஆதிக்கத்தை ஏற்றவரும் உரோமையின் நேரடி ஆயரை ஏற்றவரும் கோயில் சாவிக்காக வழக்காடினர். உலக அளவில் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1864இல் புரொட்டஸ்தாந்து மதமும் அதே மெய்ம்மதத்தின் இன்னொரு வடிவம் என்ற கூற்றைக் கண்டித்தார். பதின்மூன்றாம் லியோ 1896இல் ஆங்கிலிக்கக் குருப்பட்டங்கள் முற்றிலும் செல்லா என அறிவித்தார். அத்தீர்ப்பு இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் திருப்பம்

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு பிற சபையாரோடு திருமணத்தை மிகக் கண்டிப்பாகத் தடுத்தது. விலக்குப் பெற்றாலும் கோயில் நடுவே பூசையோடு நடத்த அனுமதியில்லை. பதினோராம் பத்திநாதரின் 1928ஆம் ஆண்டுச் சுற்றுமடல், ஒன்றிப்புக்கு வழி பிரிந்தோர் திரும்பிவருவது ஒன்றே என்றது. ஆனால் 1949இல் ஒரு சிறு விரிசல் தெரிந்தது. சபைக்கு வெளியே எவருக்கும் மீட்பில்லை எனப் போதித்த பாஸ்டன் குரு லியோனார்டு பீனியை உரோமையே திருத்தியது. அவர் அடங்காததால் 1953இல் சபைநீக்கம் செய்தது. சிப்பிரியானின் கூற்றை எழுத்துக்கு எழுத்து நம்பியவர் சபைக்கு வெளியே நின்ற இந்த முரணை இறையியலார் விரும்பி எடுத்துக்காட்டுவர்.

திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் 1960இல் கிறித்தவ ஒன்றிப்புச் செயலகத்தை நிறுவிக் கர்தினால் பேயாவிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு புதுதில்லியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்துக்கு ஐந்து கத்தோலிக்கப் பார்வையாளர்கள் அதிகாரப்பூர்வமாக வந்தனர். அதற்கு முன் அப்படி எவரும் அனுப்பப்பட்டதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று ஒன்றிப்பு ஆணையை 2137க்கு 11 என்ற வாக்கில் ஏற்றது. கடைசி நேரத்தில் திருத்தந்தை ஆறாம் பவுல் செய்த 19 திருத்தங்கள் பலருக்கு மனக்கசப்பைத் தந்தன. முறையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள், நிறைவாக இல்லாவிடினும், கத்தோலிக்கத் திருச்சபையோடு ஒருவகை உறவில் இருக்கிறார்கள் என்பது அவ்வாணையின் மையம். பதிதர் போய்ப் பிரிந்த சகோதரர் வந்தனர். 1965 டிசம்பர் 7 அன்று, 1054இல் உரோமையும் கான்ஸ்தாந்திநோப்பிளும் ஒன்றுக்கொன்று விதித்த சபைநீக்கங்கள் இருதரப்பாலும் நினைவிலிருந்து நீக்கப்பட்டன.

கிறிஸ்துவின் திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையில் 'நிலைத்திருக்கிறது' என்ற சங்கத்தின் சொல்லாட்சி பழைய கொள்கையை மாற்றியதா, விளக்கியதா என்பதில் வாதம் ஓயவில்லை. 2000இல் வெளியான 'தோமினுஸ் இயேசுஸ்' அறிக்கை, புரொட்டஸ்தாந்து அமைப்புகள் சரியான பொருளில் திருச்சபைகள் அல்ல என்றபோது லூத்தரன் தரப்பு புண்பட்டது. அதற்கு ஓராண்டு முன்தான், 1999 அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க்கில் விசுவாசத்தால் நீதிமானாதல் குறித்த கூட்டறிக்கையில் இருதரப்பும் ஒப்பமிட்டிருந்தன. தரங்கம்பாடியின் வாரிசான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பைச் சேர்ந்ததே.

அண்மைக் காலம்

தமிழில் இம்மாற்றத்தின் கண்கூடான விளைவு, 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர் அதையே வழிபாட்டில் வாசிக்கின்றனர்; தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.), லூத்தரன் சபைகளில் பழைய மொழிபெயர்ப்பே பெரும்பாலும் நீடிக்கிறது. பெண் பார்க்கையில் ஆர்.சி.யா (உரோமன் கத்தோலிக்கரா), சி.எஸ்.ஐ.யா என்று கேட்கும் வழக்கமும் போகவில்லை. பெந்தெகொஸ்தே சபையாரோடு வத்திக்கான் 1972 முதல் உரையாடிவருகிறது. 2016 அக்டோபர் 31 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் சுவீடனின் லுண்ட் நகரில் லூத்தரன் தலைவர்களோடு கூட்டு வழிபாடு நடத்தினார்.

நற்கருணை இன்னும் பொதுவாகவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 844ஆம் விதிப்படி, தாமே விரும்பிக் கேட்கும் கீழைத் திருச்சபையாருக்குக் கத்தோலிக்கக் குரு அதை வழங்கலாம். புரொட்டஸ்தாந்து சபையாருக்கு மரண ஆபத்து போன்ற நெருக்கடியில், அதுவும் நிபந்தனைகளோடு மட்டுமே வழங்கலாம்.