பிளேக் கட்டுப்பாடுகளும் மக்கள் மனப்பாங்கும்
(பம்பாய், பூனா நகரங்களின் அனுபவங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

கொள்ளைநோய் பரவும் காலங்களில் அரசு விதிக்கும் கட்டுப்பாடுகளை மக்கள் சில வேளைகளில் ஏற்று நடப்பதும், சில வேளைகளில் மீறுவதும் ஏன் என்பது மருத்துவ வரலாற்றுக்கு மட்டும் உரிய வினாவன்று. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நிலவிய உறவின் வரலாற்றுக்கும் அது உரியதாகும். கட்டுப்பாடுகளை மீறுவோர் அறியாமையினாலும் மூடநம்பிக்கையினாலும் அவ்வாறு செய்கின்றனர் என்பதே ஆட்சியாளர் வழமையாகத் தரும் விளக்கமாகும். 1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் நோயின் வரலாறு இவ்விளக்கம் போதாதது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது. அங்கு மக்கள் சில கட்டுப்பாடுகளைத் தாமாகவே மேற்கொண்டனர். வேறு சிலவற்றைக் கல்லெறிந்து எதிர்த்தனர். எவற்றை ஏற்றனர், எவற்றை எதிர்த்தனர், இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் வருகையும் சட்டத்தின் தோற்றமும்

1894இல் ஹொங்கொங்கைத் தாக்கிய பிளேக், கடல்வழி வாணிகத்தோடு மேற்கு நோக்கி நகர்ந்தது. 1896 செப்டெம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்திருந்த மாண்ட்வி என்னும் பகுதியில் வைத்தியர் அக்காசியோ வியேகாஸ் இந்நோயை இனங்கண்டார். தானியக் களஞ்சியங்களும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த பகுதி அது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நகரிலிருந்து, 1897இன் தொடக்கத்துக்குள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் வெளியேறினர். ஆலைகள் தொழிலாளரின்றித் தவித்தன.

அரசின் கவலை மக்களின் உயிர் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. பம்பாய், பிரித்தானியப் பேரரசின் முதன்மையான ஏற்றுமதித் துறைமுகங்களுள் ஒன்று. இந்தியப் பண்டங்களுக்குத் தம் துறைமுகங்களை மூடிவிட ஐரோப்பிய நாடுகள் முனைந்தன. 1897இல் வெனிஸ் நகரில் கூடிய சர்வதேசச் சுகாதார மாநாட்டின் முன்னிலையில், தான் கடும் நடவடிக்கை எடுப்பதாகக் காட்டவேண்டிய நிர்ப்பந்தம் பிரித்தானிய அரசுக்கு ஏற்பட்டது. இப்பின்னணியிலேயே 1897 பெப்ரவரி 4ஆம் திகதி தொற்றுநோய்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மிகச் சுருக்கமான அச்சட்டம் அதிகாரிகளுக்கு வழங்கிய அதிகாரமோ மிக விரிந்தது. தேவையெனக் கருதும் எவ்விதியையும் அரசு ஆக்கலாம். அதனை மீறுவோர் தண்டனைக்குரியர். சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செயற்பட்ட எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது. மக்கள் தம் குறையை முறையிடுவதற்கான வழியெதுவும் அதில் வகுக்கப்படவில்லை.

கட்டுப்பாடுகளின் இயல்பு

பிளேக் கிருமி 1894இலேயே கண்டறியப்பட்டிருந்தது. ஆயினும் அது எவ்வாறு பரவுகின்றது என்பது 1897இல் எவருக்கும் தெரியாது. எலியிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைக் காவுகின்றது என்பதைப் பிரெஞ்சு வைத்தியர் போல் லூயி சிமோண்ட் 1898இல் கராச்சியில் செய்த சோதனையால் காட்டினார். அதுவும் அடுத்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே பரவலாக ஏற்கப்பட்டது. ஆகவே, அழுக்கும் மனிதத் தொடர்புமே நோய்க்குக் காரணம் என்ற கருத்தின் அடிப்படையிலேயே விதிகள் ஆக்கப்பட்டன.

நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல், அவருடன் வாழ்ந்தோரை முகாம்களில் அடைத்தல், வீட்டுத் தரையைத் தோண்டுதல், கூரையைத் திறந்து வெயில் புகவிடுதல், உடைமைகளை எரித்தல், புகையிரதப் பயணிகளின் அக்குளையும் தொடையிடுக்கையும் தொட்டுப் பரிசோதித்தல், பிரேதத்தைப் பார்வையிட்ட பின்னரே ஈமக்கடனுக்கு அனுமதித்தல் என்பன அவற்றுட் சிலவாகும். இவ்விதிகள் தொட்டவை மூன்று: வீடு, உடல், பிரேதம். ஒரு குடும்பத்தின் மானம் இம்மூன்றையுமே சார்ந்திருந்தது. ஆண் வைத்தியர் பெண்களைப் பலர் காணப் பரிசோதித்ததும், பல சாதியினரும் ஒரே கூடத்தில் கிடத்தப்பட்டு ஒரே கையால் உணவு பெற்றதும், இறந்தவர்க்குரிய கிரியைகள் தடைப்பட்டதும் மக்களுக்கு நோயைவிடப் பெருந் துன்பங்களாகத் தோன்றின.

பம்பாய் நகரின் அனுபவம்

முதலாவது எதிர்ப்பு சட்டம் பிறப்பதற்கு முன்னரே எழுந்தது. 1896 ஒக்டோபரில் மாநகர ஆணையாளர் சினோ, நோயாளிகளைக் கட்டாயமாக அகற்றும் அறிவித்தலை வெளியிட்டார். அம்மாதம் 29ஆம் திகதி ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர் ஆதர் வீதி வைத்தியசாலையைத் தாக்கினர். வைத்தியசாலைக்குச் சென்றவர் உயிருடன் திரும்புவதில்லை என்பது அவர்தம் நம்பிக்கை. நோய் முற்றிய நிலையில் கொண்டு செல்லப்பட்டோரிற் பெரும்பாலோர் இறந்தமையால் அந்நம்பிக்கை கண்ணாற் கண்டதன் முடிவாகவும் இருந்தது. ஈரலை அறுத்தெடுக்கின்றனர், உடலிலிருந்து மருந்தெண்ணெய் வடிக்கின்றனர் என்னும் வதந்திகள் அதன்மேற் படர்ந்தன. இவ்வதந்திகளை மூடத்தனம் என ஒதுக்குவது எளிது. ஆயினும், பார்வையாளர்க்கு மூடப்பட்ட கதவுக்குள் நடப்பதை அறிய வழியில்லாத மக்கள், தம் அச்சத்தைக் கூறுவதற்குக் கண்ட மொழி அதுவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

சினோ தம் விதியை உடனே தளர்த்தினார். வசதியுள்ள வீடுகளில் நோயாளியைத் தனியே வைத்துப் பராமரிக்க இடமளிக்கப்பட்டது. இதற்கான காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. கட்டாயம் தொடர்ந்தால் நகரின் துப்புரவுத் தொழிலாளர் ஓடிவிடுவர் என்றும், அவர்களின்றி நகரம் வாழ முடியாது என்றும் அவர் அஞ்சினார். சமூகத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்த மக்களின் மனப்பாங்கு, ஓர் ஏகாதிபத்திய நகரின் விதியையே மாற்றவல்லதாயிற்று.

1897 மார்ச்சில் பிரிகேடியர் ஜெனரல் கட்டாக்கர் தலைமையில் பிளேக் குழு நியமிக்கப்பட்டபோது வீட்டுச் சோதனையும் கட்டாய அகற்றலும் மீண்டும் வந்தன. எனினும் அக்குழு ஓரளவு விட்டுக்கொடுத்தே செயற்பட்டது. சமூகத் தலைவர்கள் சோதனைக் குழுக்களோடு சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஒவ்வொரு சமூகத்தாரும் சாதியாரும் தத்தம் செலவில் வைத்தியசாலைகள் அமைக்க ஊக்கப்படுத்தப்பட்டனர். தம்மவர் சமைத்த உணவும், தம்மவர் பராமரிப்பும் கிடைத்த இடங்களுக்கு மக்கள் நோயாளிகளைத் தாமே கொண்டுவந்தனர். சாதிப் பிரிவினைக்கு அரசு இடமளித்தது என்ற குறை இதில் உண்டு. ஆயினும் வெறுக்கப்பட்டது வைத்தியமன்று, அதனை நடத்திய முறையே என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இந்த இணக்கமும் நிலையானதாக இருக்கவில்லை. 1898 மார்ச் 9ஆம் திகதி, நெசவாளரான முஸ்லிம் மக்கள் வாழ்ந்த மதன்புராவில், நோயுற்ற சிறுமியொருத்தியைப் பரிசோதிக்க முயன்றமை கலவரமாக வெடித்தது. பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். இரு தரப்பிலும் உயிர்கள் போயின.

பூனா நகரின் அனுபவம்

பூனாவில் நிலைமை இதனினும் கடுமையாயிற்று. பிளேக் குழுவின் தலைவராக நியமிக்கப்பட்ட வோல்ட்டர் சாள்ஸ் ராண்ட், 1897 மார்ச் நடுப்பகுதி முதல் மே வரை இராணுவத்தினரைக் கொண்டு வீட்டுச் சோதனை நடத்தினார். சமையலறையும் பூசையறையும் சோதிக்கப்பட்டன. பொருள்கள் அழிக்கப்பட்டன என்றும், பெண்கள் அவமதிக்கப்பட்டனர் என்றும் முறைப்பாடுகள் எழுந்தன. அப்போது இங்கிலாந்திலிருந்த கோபால கிருஷ்ண கோகலே இம்முறைப்பாடுகளை அங்கு வெளியிட்டார். நாடு திரும்பிய பின்னர், கூறியவற்றைச் சான்றுகளால் நிறுவ முடியாமையால் மன்னிப்புக் கோரினார். மானம் சம்பந்தப்பட்ட முறைப்பாட்டைப் பெயர் கூறி நிறுவ எக்குடும்பம் முன்வரும் என்ற வினாவை எந்த விசாரணையும் எழுப்பவில்லை.

1897 யூன் 22ஆம் திகதி, விக்டோரியா மகாராணியின் வைரவிழா இரவில், ராண்டும் லெப்டினன்ட் அயர்ஸ்டும் சுடப்பட்டனர். அயர்ஸ்ட் உடனேயும், ராண்ட் யூலை 3ஆம் திகதியும் இறந்தனர். சுட்ட சாபேகர் சகோதரர் 1898, 1899ஆம் ஆண்டுகளில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களை மக்கள் உணர்வின் முழுமையான பிரதிநிதிகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. சமூகச் சீர்திருத்தத்தையே எதிர்த்த பழைமைவாதிகளாகவும் அவர்கள் இருந்தனர். ஆயினும் அரசியல் வன்முறைக்குப் பிளேக் விதிகளே தருணமாக அமைந்தமை மறுக்கமுடியாதது.

மனப்பாங்கின் பன்முகத்தன்மை

மக்கள் யாவரும் ஒரே நிலைப்பாட்டில் நின்றனர் எனக் கொள்வது தவறாகும். பால கங்காதர திலகர் தமது ‘கேசரி’ பத்திரிகையில் இராணுவச் சோதனையைக் கண்டித்தார். 1897 செப்டெம்பரில் இராசத் துரோகக் குற்றத்துக்காகப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனையும் பெற்றார். ஆனால் அவரே பூனாவில் இந்துக்களுக்கான பிளேக் வைத்தியசாலை ஒன்றை நிறுவ முன்னின்றவர். நோய்க்கஞ்சி நகரை விட்டோடிய தலைவர்களையும் சாடியவர். சாவித்திரிபாய் பூலே நோயாளிகளைப் பராமரித்து, அந்நோயாலேயே 1897 மார்ச் 10ஆம் திகதி உயிர்நீத்தார். கட்டுப்பாட்டு முறையை எதிர்த்தல் வேறு, நோயை எதிர்த்தல் வேறு என்பதை இவர்தம் வாழ்க்கை காட்டுகின்றது.

வர்க்க வேறுபாடும் கருதத்தக்கது. வசதி படைத்தோர் ஊர்ப்புறத்து வீடுகளுக்குச் சென்றனர். நாட்கூலிக்கு உழைத்தோருக்கு முகாம் வாழ்க்கை என்பது கூலியிழப்பு. உடைமைகளை எரித்தல் என்பது இருந்த முழுச் சொத்தையும் இழத்தல். ஒரே விதி எல்லோருக்கும் ஒரே பாரமாக அமையவில்லை.

மக்கள் தாமாகவே மேற்கொண்ட கட்டுப்பாடும் உண்டு. எலிகள் செத்து விழுந்தால் வீட்டைவிட்டு வெளியேறிக் குடிசைகளில் தங்குவது இமாலய அடிவாரத்துக் குமாவோன், கார்வால் மக்களின் பழைய வழக்கம். பம்பாய் மாகாணத்திலும் ஊருக்கு வெளியே குடில்கள் அமைத்துத் தங்கப் பலர் விரும்பிச் சென்றனர். பிற்கால விஞ்ஞானம் வீடு தோண்டுதலையன்று, இவ்வெளியேற்றத்தையே பயனுள்ளதெனக் கண்டது. அறியாமை என்று ஆட்சியாளர் கூறியது எத்தரப்பில் இருந்தது என்பது இங்கு சிந்தித்தற்குரியது.

தடுப்பூசியின் வரலாறும் இதனையே உணர்த்தும். வால்டெமார் ஹாஃப்கின் தாம் ஆக்கிய ஊசியை 1897 சனவரி 10ஆம் திகதி முதலில் தமக்கே ஏற்றிக்கொண்டார். ஆகா கான் பலர் காணத் தாமும் ஏற்றுக்கொண்டு தம் சமூகத்தாரை ஊக்குவித்தார். கோஜா மக்கள் பெருமளவில் முன்வந்தனர். மறுபுறம், 1902 ஒக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், மாசுற்ற ஒரு போத்தலிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் ஏற்புவலியால் இறந்தபோது, அந்நம்பிக்கை பெரிதும் குலைந்தது. நம்பிக்கை வளர்வது மெதுவாக, சிதைவது விரைவாக.

அரசின் பின்வாங்கலும் அதன் பொருளும்

1900 ஏப்பிரிலில் கான்பூரில் தனிமைப்படுத்தல் முகாம் தாக்கப்பட்டுப் பொலிசார் கொல்லப்பட்டனர். இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னர் அரசு கட்டாயத்தைக் கைவிட்டு, இணங்க வைத்தலையே கொள்கையாகக் கொண்டது. அடுத்த மூன்று பத்தாண்டுகளுக்குள் இந்தியாவில் பிளேக்குக்குப் பலியானோர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. மக்கள் எதிர்த்தமையாலேயே இத்தனை பேர் இறந்தனர் என்பது பொருந்தாது. எதிர்க்கப்பட்ட நடவடிக்கைகள் எலியையும் தெள்ளுப்பூச்சியையும் தொடவேயில்லை. அதேவேளை, நோயாளிகளை ஒளித்தலும் இரகசியமாகப் புதைத்தலும் நோயின் உண்மையான பரவலை மறைத்தன என்பதும் ஒப்புக்கொள்ளப்படவேண்டியதே. கடுமை மறைப்பை வளர்த்தது. மறைப்பு மேலும் கடுமைக்குக் காரணமாயிற்று.

இலங்கையும் 1897இன் சட்டமரபும்

இவ்வரலாறு இலங்கைக்கும் புறம்பானதன்று. இந்தியச் சட்டம் பிறந்த அதே 1897இலேயே, இங்கும் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், பின்னாளில் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். பிளேக் 1914இல் கொழும்பை அடைந்தது.

கொவிட் பரவலின்போது அவ்விரு பழைய சட்டங்களும் இரு நாடுகளிலும் மீண்டும் கையிலெடுக்கப்பட்டன. 2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கையில் நாடளாவிய ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, வருவாய் இழந்த நிலையிலும் மக்களிற் பெரும்பாலோர் வீடுகளுள் அடங்கியிருந்தனர். ஆனால் 2020 ஏப்பிரில் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட்டால் இறந்தோர் அனைவரையும் தகனஞ் செய்யவேண்டுமென விதித்தது. உலக சுகாதார நிறுவனம் புதைத்தலையும் எரித்தலையும் ஒருங்கே அனுமதித்திருந்தும், முஸ்லிம் மக்களின் வேண்டுகோள் பல மாதங்கள் செவிமடுக்கப்படவில்லை. 2021 பெப்ரவரி 25ஆம் திகதியே அடக்கம் அனுமதிக்கப்பட்டு, ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. 1897இல் பம்பாயின் பிரேதச் சோதனை தொட்ட அதே இடத்தையே, 123 ஆண்டுகளின் பின் கொழும்பின் வர்த்தமானியும் தொட்டது. நோயைப் பற்றிய அறிவு எவ்வளவோ வளர்ந்திருந்தும், மக்களைப் பற்றிய அறிவு அவ்வளவுக்கு வளரவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. கட்டுப்பாட்டின் கடினம் மட்டும் மக்களை எதிர்ப்புக்குத் தூண்டுவதில்லை. காரணம் விளங்கும் கட்டுப்பாட்டையும், தம்மவர் பங்குபெறும் கட்டுப்பாட்டையும், எல்லோர்மீதும் ஒரேயளவாக விழும் கட்டுப்பாட்டையும் அவர்கள் பொறுத்துக்கொள்கின்றனர். கேட்பாரின்றி வீட்டுக்குள்ளும் உடலின்மீதும் பிரேதத்தின்மீதும் கைவைக்கும் கட்டுப்பாட்டையே அவர்கள் எதிர்க்கின்றனர். எனவே, கீழ்ப்படியாமை தோன்றும்போது மக்களின் அறிவை மட்டும் ஐயுறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது; விதியையும், விதித்தவரையும், விதித்த முறையையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும். வருங்காலக் கொள்ளைநோய்களை எதிர்கொள்ளச் சட்டமியற்றுவோர் மருத்துவ நூல்களோடு இவ்வரலாற்றையும் கற்பாராயின், நோயோடு மட்டும் போராடினாற் போதும். தம் மக்களோடும் போராடவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்படாது.