அயல் வானில் தனி விமானி

கப்பலிலோ பெரிய விமானத்திலோ அயல்நாட்டிற்குச் செல்லும் பயணிக்குக் கவலை மிகக் குறைவு. வழியறிந்து செலுத்த ஒருவர் இருக்கிறார். இயந்திரத்தைக் கவனிக்க மற்றொருவர் இருக்கிறார். இறங்குமிடத்தில் வரவேற்கவும் ஆட்கள் இருக்கின்றனர். சிறிய விமானம் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு பிற நாட்டு வானில் நுழைபவனுக்கோ இவர்களில் ஒருவரும் துணையில்லை. மாலுமியும் அவனே, பொறியாளனும் அவனே, ஒரு வகையில் தன் நாட்டின் தூதனும் அவனே. இத்தகைய தனி விமானிகளின் வரலாறு ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலத்தது. அதில் வீரம் உண்டு. எனினும், முன்பின் அறியாத ஒருவனை மனிதரும் நாடுகளும் எந்த அளவுக்கு நம்பின என்னும் செய்தியே அதில் சிறந்தது என்பது என் கருத்து.

முதல் உலகப் போர் முடிந்தபோது, வானம் யாருக்கு உரியது என்னும் கேள்வி எழுந்தது. கடலின் நடுப்பகுதியைப் போல வானமும் அனைவருக்கும் பொது என்று வாதித்தவர்களும் இருந்தனர். போரில் குண்டு வீச்சைக் கண்ட நாடுகள் அதனை ஏற்கவில்லை. 1919-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானத்தில் முழு ஆட்சியுரிமை உண்டு என்று உறுதி செய்தது. அதே உடன்படிக்கை, அமைதிக் காலத்தில் தீங்கற்ற விமானங்கள் கடந்து செல்ல இசைவும் அளித்தது. கதவு வைத்து வீடு கட்டிய பின், நல்ல விருந்தினருக்குத் தாழ் திறந்து வைத்தது போன்றது இவ்வேற்பாடு.

அந்த விருந்தினர் வருவதற்கேற்ற ஊர்தி 1925-இல் தோன்றியது. இங்கிலாந்தில் ஜெஃப்ரி டி ஹாவிலண்டு அமைத்த ‘மாத்’ என்னும் சிறு விமானமே அது. மரச்சட்டமும் துணி போர்த்த ஈரடுக்குச் சிறகும் கொண்டது, மேற்கூரை இல்லாதது, சிறகுகளை மடித்துக் கொட்டகையில் நிறுத்தத்தக்கது. பின்னர் வந்த ‘ஜிப்சி மாத்’ விமானத்தின் இயந்திரம் 100 குதிரைத்திறன் உடையது. அவ்வளவே. இதில் ஏறித்தான் மனிதர் கண்டம் விட்டுக் கண்டம் சென்றனர்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து, குறித்த காலத்துக்குள் பயணத்தை முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்தார். மூவர் முன்வந்தனர். மன்மோகன் சிங் என்பவர் கராச்சியை அடைந்தும், காலக்கெடு கடந்துவிட்டதால் பரிசை இழந்தார். மற்ற இருவரில் ஒருவர், 1929-இல் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா. இன்னொருவர், பதினேழே வயதான ஆஸ்பி எஞ்சினியர். 1930-இல் டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கியும், ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கியும் புறப்பட்டனர்.

இருவரும் எகிப்து நாட்டில் அபூகிர் என்னும் இடத்தில் சந்தித்தனர். ஆஸ்பி அங்கே மேலும் செல்ல இயலாமல் தங்கியிருந்தார். அவர் விமானத்துக்கு ஸ்பார்க் பிளக்குகள் தேவைப்பட்டன. நான்கு உருளைகள் கொண்ட ஜிப்சி இயந்திரத்தில் உருளைக்கு இரண்டாக எட்டு பிளக்குகள் உண்டு. அவை பழுதானால் இயந்திரம் பயன்படாது. டாட்டாவிடம் உபரி பிளக்குகள் இருந்தன. தாம் ஒன்றும் சொல்லாமல் பறந்து சென்றிருந்தால் பரிசு அவருக்கே கிடைத்திருக்கக்கூடும். அவரோ பிளக்குகளைப் போட்டியாளருக்குக் கொடுத்துவிட்டுத் தம் வழியே சென்றார். ஆஸ்பி சில மணி நேர வேறுபாட்டில் முந்திப் பரிசை வென்றார். அப்பரிசின் மதிப்பு 500 பவுன்; அந்தப் பிளக்குகளின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது?

அதே 1930-ஆம் ஆண்டு மே மாதத்தில் எமி ஜான்சன் என்னும் ஆங்கிலப் பெண், ‘ஜேசன்’ என்று பெயரிட்ட ஜிப்சி மாத் விமானத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்தார். இயந்திரம் பழுது பார்ப்பதற்கும் உரிமம் பெற்றவர் அவர். எரிபொருள் குறைந்ததால் ஜான்சி நகரில் படை அணிவகுப்புத் திடலில் இறங்கினார். பின்னர் ரங்கூனுக்கு அருகே இன்செயின் என்னும் ஊரில், விளையாட்டுத் திடலில் இறங்கியபோது சிறகும் சுழல்விசிறியும் சேதமுற்றன. அவ்வூர்த் தொழிற்கல்விக் கூடத்தார் திரண்டு வந்து பழுது பார்த்துக் கொடுத்தனர். போரில் எஞ்சிய விமானத் துணியால் தைத்திருந்த சட்டைகளைப் பிரித்துச் சிறகுக்கு ஒட்டுப் போட்டார்கள் என்பர். மே 24-ஆம் நாள் அவர் டார்வின் நகரில் இறங்கினார். ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்து சென்ற முதல் பெண் அவரே.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944 டிசம்பர் 7-ஆம் நாள், சிக்காகோ உடன்படிக்கை உருவாயிற்று. தனி விமானியின் உரிமையும் கடமையும் இன்றும் அதன் அடிப்படையிலேயே அமைகின்றன. விமானத்தின் பதிவுச் சான்று, பறக்கும் தகுதிச் சான்று, விமானியின் உரிமம், பயணக் குறிப்பேடு ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லவேண்டும். தன் நாட்டில் பதிவான விமானத்துக்குத் தன் நாட்டு உரிமம் போதும். அயல்நாட்டில் பதிவான விமானத்தை ஓட்டுவதற்கோ அந்நாட்டின் ஏற்பு வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், விருந்தினரின் தாய்நாட்டு உரிமத்தைச் சரிபார்த்து, அதன் அடிப்படையில் சான்று வழங்கும் முறை உண்டு. அளவுகளும் இடத்துக்கு இடம் மாறும். உயரமானியைத் திருத்தும் காற்றழுத்தத்தை அமெரிக்காவில் அங்குலக் கணக்கிலும், ஐரோப்பாவில் ஹெக்டோபாஸ்கல் கணக்கிலும் கூறுவர். எண்ணைப் பிழையாகக் கொண்டவன், மலையை விட உயரத்தில் பறப்பதாக எண்ணி அதன்மேல் மோதவும் கூடும்.

நம்பிக்கையை மீறினால் விளைவது என்ன? 1987 மே 28-ஆம் நாள், பதினெட்டு வயது ஜெர்மானிய இளைஞர் மத்தியாஸ் ரஸ்ட், ஹெல்சிங்கியிலிருந்து சிறு செஸ்னா விமானத்தில் இசைவின்றிச் சோவியத் எல்லையைக் கடந்து, மாஸ்கோவில் கிரெம்ளின் அருகே இறங்கினார். அமைதிக்காகவே வந்ததாக அவர் கூறினார். எனினும் பாதுகாப்பு அமைச்சர் பதவி இழந்தார். இளைஞருக்கு நான்காண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, 1988-இல் விடுதலை கிடைத்தது. அவர் உயிர் தப்பியது பெரும்பேறு. நோக்கம் நல்லதாயினும், கதவைத் தட்டாமல் நுழைபவனை விருந்தினன் என்று எவரும் கொள்ளார்.

அபூகிரில் சந்தித்த இருவரின் பிற்கால வாழ்வும் அறியத்தக்கது. 1932 அக்டோபரில் டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிச் சென்றார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஆஸ்பி எஞ்சினியர் 1960-இல் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார். மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை அயல் வானில் பறக்கக்கூடும். உரிமமும் வரைபடமும் மறவாது கொண்டு செல்லுங்கள். வழியில் இடருற்று நிற்பவனுக்குக் கொடுப்பதற்கென இரண்டொரு உபரிப் பொருளும் உங்கள் பையில் இருக்கட்டும்.