சட்டத்தரணியின்றி மன்றில் தோன்றுவோருக்கும் நீதி வேண்டும்

நீதிமன்றப் படியேறும் எல்லோராலும் சட்டத்தரணி ஒருவரை அமர்த்திக்கொள்ள முடிவதில்லை. வறுமையினாலோ, தமது வழக்கைத் தாமே எடுத்துரைக்கும் விருப்பினாலோ தனித்து மன்றில் நிற்போருக்குச் சட்டம் அளித்துள்ள பாதுகாப்புகளை எமது மக்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நீதியான விசாரணையில் தமது தரப்பை எடுத்துரைக்க உரித்துடையவர் என்கின்றது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரை. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாத காலத்துள் உயர் நீதிமன்றத்தில் தாமே மனுச்செய்ய 126 ஆம் உறுப்புரை இடமளிக்கின்றது. சட்டத்தரணி இல்லாத எதிரிக்கு அவ்வுரிமை உண்டென அறிவிக்கப்படவும், நீதியின் நலன் வேண்டுமிடத்து வசதியற்றவருக்குக் கட்டணமின்றிச் சட்ட உதவி வழங்கப்படவும் வேண்டுமென, சர்வதேச சமவாயத்தை ஒட்டி இயற்றப்பட்ட 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது.

தமிழ் பேசும் மக்களுக்கு மொழியே முதற் தடையாகும். வடக்கு, கிழக்குக்கு வெளியே சிங்களத்தில் நடைபெறும் விசாரணையில், தம்மைப் பற்றிக் கூறப்படுவது விளங்காமலே பலர் கூண்டில் நிற்கின்றனர். எனினும், தமிழில் ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும் அரச செலவில் உரைபெயர்ப்பைப் பெறவும் 24 ஆம் உறுப்புரை உரிமை அளிக்கின்றது. இது நீதிமன்றம் காட்டும் சலுகையன்று. கேட்டுப் பெறவேண்டிய உரிமையாகும்.

முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரை இவ்விடயம் மேலும் நெருக்கமானது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழான காதி நீதிமன்றங்களில் சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. ஜீவனாம்சம் கோரும் பெண் தமக்காகத் தாமே பேசவேண்டியவராகின்றார். அங்கே காதியார் இரு தரப்பையும் சமமாகச் செவிமடுப்பதிலேயே அவரது வாழ்வு தங்கியுள்ளது.

தனித்து வாதாடுவோர் எதிர்கொள்ளக்கூடிய ஆபத்தை 2003 ஆம் ஆண்டுச் சம்பவமொன்று காட்டுகின்றது. தமது வழக்கைத் தாமே வாதாடிய ஆசிரியர் ஒருவர், மீண்டும் மீண்டும் விண்ணப்பம் செய்து குரலை உயர்த்தினார் என்பதற்காக, நீதிமன்ற அவமதிப்பின் பேரில் உயர் நீதிமன்றத்தால் ஓராண்டுக் கடூழியச் சிறைத்தண்டனைக்கு உள்ளானார். அத்தடுத்துவைப்பு எதேச்சாதிகாரமானதென ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2005 இல் முடிவு செய்தது. அவமதிப்பு விசாரணைக்கான நடைமுறையை வகுக்கும் சட்டம் 2024 இலேயே நிறைவேறியது.

நீதிபதி ஒரு தரப்பின் சட்டத்தரணியாக மாறவேண்டுமென நாம் கோரவில்லை. அது மறுதரப்புக்கு அநீதியாகும். ஆனால், குறுக்கு விசாரணை என்றால் என்ன, குற்றத்தை ஒப்புக்கொண்டால் விளைவு யாது, மேன்முறையீட்டுக்கான காலவெல்லை எது என்பவற்றை எளிய மொழியில் விளக்குவது பக்கச்சார்பாகாது. அபராதத்துடன் வீடு திரும்பலாம் என எண்ணிக் குற்றத்தை ஏற்பவர், தம்மீது பதிவாகும் குற்றத்தீர்ப்பை அறியாதிருத்தல் ஆகாது.

1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுவது வசதியற்றோருக்கு உள்ள முதல் வழியாகும். அதுவும் கைகூடாதவிடத்து, விளங்காததை விளங்கவில்லையென மன்றில் பணிவுடன் கூறத் தயங்கலாகாது. அதனைப் பொறுமையுடன் செவிமடுப்பது நீதிமன்றத்தின் கடமை என்பதே எமது நிலைப்பாடாகும்.