இரண்டு பென்ஸ் ராஜா

சென்ற வாரம் பாராளுமன்ற வாசலில் நிறுத்தியிருந்தோம். பாட்டுத்தாள் திருட்டைத் தடுக்கும் மசோதாக்களுக்குப் பாராளுமன்ற உறுப்பினர் கால்ட்வெல் காட்டிய எதிர்ப்பு விளங்க வேண்டுமானால் முதலில் வில்லட்ஸைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தெருக்களில் கூவி விற்ற திருட்டுப் பாட்டுத்தாள் 2 பென்ஸ். அதே பாட்டு கடையில் ஒரு ஷில்லிங்குக்கு மேல், அதாவது 12 பென்ஸைத் தாண்டும். தவணையில் பியானோ வாங்கிய தொழிலாளர் வீடுகள் பெருகிவிட்ட காலம் அது. மியூசிக் ஹாலில் கேட்டுச் சிரித்த பாட்டை வீட்டில் வாசித்துப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையைச் சரியாகக் கணக்குப் போட்டவர் ஜேம்ஸ் ஃபிரெடெரிக் வில்லட்ஸ். ‘மக்கள் இசைப் பதிப்பகம்’ என்று பெயர் சூட்டிக்கொண்டு, அசல் தாளைப் புகைப்படம் எடுத்துக் கல்லச்சில் அடித்துத் தள்ளினார். இந்தத் திருட்டை ஆராய்ந்த 1904 விசாரணைக் குழுவின் முன்னாலும் வந்து, ஏழைக்கு எட்டாத விலை வைத்தவர்கள் பதிப்பாளர்களே என்று வாதாடினார்.

எனக்கு வலிப்பது அந்தக் கல்லச்சுதான். பாட்டுத்தாளுக்கு முகம் கொடுத்த கலை அது. ஓவியர் ஆல்ஃபிரட் கான்கேனன் கல்லின் மேல் இடவல மாற்றித் தலைப்புப் படம் வரைவார். வண்ணத்துக்கு ஒரு கல். 1867-இன் ‘ஷாம்பெய்ன் சார்லி’ அட்டையில் பாடகர் ஜார்ஜ் லேபோர்ன் உயரத் தொப்பியும் மிடுக்கு உடையுமாக நிற்பதைப் பார்த்தாலே போதும். பாட்டின் குறும்பு முழுக்க அந்த நிலையில் இருக்கிறது. கான்கேனன் 1886-இல் மறைந்தார். புது நூற்றாண்டில் பாடகரின் புகைப்படம் மெல்ல மெல்ல ஓவியனின் இடத்தைப் பிடித்தது. அதை வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேமராவுக்கு முன் நின்ற முகம் பாடகரை அடையாளம் காட்டும், பாட்டைக் காட்டாது.

வில்லட்ஸ் திருடர்தான். லெஸ்லி ஸ்டூவர்ட் போன்ற இசையமைப்பாளர்களின் வயிற்றில் அடித்தவர். ஆனால் பதிப்பாளர்களையும் நான் தியாகிகளாக்க மாட்டேன். சிரிப்புப் பாட்டு எழுதியவர்களில் பலர் சில கினிகளுக்கு உரிமையை மொத்தமாக விற்றவர்கள். அப்புறம் அது எத்தனை ஆயிரம் விற்றாலும் அவர்களுக்கு அதில் காசு கிடையாது.

1902 இசைப் பதிப்புரிமைச் சட்டப்படி தெரு வியாபாரியிடமிருந்து போலீஸ் தாள்களைப் பறிக்கலாம், தண்டிக்க வழியில்லை. அவன் புதுக் கட்டோடு திரும்பி வருவான். கடைசியில் வில்லட்ஸைச் சதிக் குற்றம் சாட்டித்தான் 1906-இல் சிறைக்கு அனுப்ப முடிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய புதுச் சட்டத்துக்காகப் பாராளுமன்ற உறுப்பினர் டி. பி. ஓ’கானர் போராடியதும், கால்ட்வெல் முன்பு மசோதாக்களைப் பேசியே சாகடித்ததும் அடுத்த வாரம்.