எழுவர் சுமையும் ஒருவன் தோளும்

மரக்காணத்து உப்பளக் கரையைப் பண்டைய எயிற்பட்டினமெனக் கருதும் ஆய்வாளர் பலர். அப்பட்டினம் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுக்கு உரியது. அவனைப் போற்றும் சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. பாடியவர், வடக்கே அண்டையிலுள்ள இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார்.

ஒப்பற்ற தலைவனைப் பிற தலைவரிடையே நிறுத்துவது எளிதன்று. அவன் ஓங்கினால் ஏனையோர் நிழலாவர், கதை சுவைகெடும். 1938இல் அமெரிக்கச் சித்திரக்கதையில் தோன்றிய சூப்பர்மேனுக்கும் இவ்விடர் உண்டு. அவனைத் தளரச் செய்யும் கிரிப்டோனைட் என்னும் கல், 1943இல் வானொலித் தொடரில் புகுந்தது. தலைவனைக் குறைத்துச் சமன்செய்யும் வழி அது.

நத்தத்தனாரின் வழி வேறு. மூவேந்தர் தலைநகரங்களை நல்லியக்கோடன் கொடைமுன் வறியன என்றவர், வள்ளல்கள் எழுவரிடம் அவ்வாறு செய்திலர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன், முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் என ஒவ்வொருவர்க்கும் தனிப்புகழ் தந்தார். பின்னரே, எழுவர் சுமந்த கொடைப் பாரத்தை நல்லியக்கோடன் ஒருவனே சுமந்தான் என்றார். எழுவர் உயர உயர அவனும் உயர்கிறான்.

பெருவலி படைத்த வீமனும் இப்பாட்டில் போர்க்களத்தில் தோன்றவில்லை. சமையல் நூல் செய்தவனாகவே வருகிறான். நல்லியக்கோடன் விருந்து அந்நூல் நெறி வழுவாது அமைந்ததாம்.

வள்ளல்களுள் பெரியவர் எவர் என்னும் வழக்கு மேடைதோறும் நிகழ்வது. அவ்வழக்கில் பாரி பெயர் ஒலிக்கிறது. நல்லியக்கோடன் பெயர் அத்துணை ஒலிப்பதில்லை. ஒருவனை உயர்த்த எழுந்த பாட்டு, எழுவர் புகழையும் காத்து நிற்கிறது.