குணமே ஈடாக: தொழில்முனைவோரை அளக்க முயன்ற வரலாறு

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலில் ஒரு மறுப்பு வருகிறது. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளை, தன்னிடம் அடுத்தாளாக (மேலாளுக்கு அடுத்த பணியாளாக) இருந்த செல்லையாவுக்கு மகளைக் கொடுக்க மறுக்கிறார். செல்லையா வேலை தெரிந்தவன்தான். ஆனால் போர்க்காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி தூக்கியவன். அப்படிப்பட்டவன் இனி வட்டித் தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது முதலாளியின் கணிப்பு.

நாவலைக் காதல் தோல்வியின் கதையாகப் படிப்பவர்களே அதிகம். எனக்கு அதில் ஒரு தேர்வு முடிவு தெரிகிறது. இவன் தொழிலுக்கு ஆவானா, மாட்டானா என்ற கேள்விக்கு வயிரமுத்துப் பிள்ளை விடை சொல்லிவிட்டார். எந்தக் குணத்தைப் பார்த்துச் சொன்னார் என்பதைவிட, அதை ஏன் பார்த்தார் என்பது முக்கியம். மகளும் அவருடையவள், பெட்டியும் அவருடையது.

கடந்த எழுபது ஆண்டுகளாக உளவியலாளர்கள், வங்கிகள், அரசுத் துறைகள், பன்னாட்டு அமைப்புகள் எல்லாம் இதே கேள்வியைப் படங்களாகவும் வினாப்படிவங்களாகவும் மாற்றிக் கேட்டிருக்கின்றன. தொழில்முனைவோரின் குணம் என்று அவை எழுதிவைத்த பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அளக்கப்பட்டவரைவிட அளந்தவரைப் பற்றியே அதிகம் தெரிகிறது. குறிப்பாக, அளந்தவர் எதை இழக்க அஞ்சினார் என்பது தெரிகிறது. சொத்தை ஈடாகக் கேட்க முடியாத இடங்களில் குணம் ஈடாகக் கேட்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெட்டியடியில் தொடங்கியது

வட்டித் தொழில் செய்த நகரத்தார் கடைகளில் தேர்வு என்று தனியாக எதுவும் நடக்கவில்லை. வேலையே தேர்வு. சிறு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்பவன் கடையைக் கூட்டுவான், எடுபிடி வேலை செய்வான், கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான். அப்படியே வாய்க்கணக்கும் பேரேடும் கடிதம் எழுதும் முறையும் கைவரும். தேறினால் அடுத்தாள், அதற்கு மேல் மேலாள். பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போகும் மேலாளுக்குப் பொதுவாக மூன்றாண்டுத் தவணை. அது முடிந்து ஊர் திரும்பினால் கணக்குப் பார்ப்பார்கள். அடுத்த பயணம் உண்டா இல்லையா என்பதைக் கணக்குதான் சொல்லும்.

இதில் பார்க்கப்பட்ட குணங்கள் பணிவு, கைசுத்தம், எழுத்துச் சுத்தம். புதுமை நாட்டம் பட்டியலில் இல்லை. முதலாளி காரைக்குடியில் இருக்கிறார், பணம் ரங்கூனில் இருக்கிறது. இடையில் கடல். அந்தத் தொலைவில் துணிச்சல்காரன் ஆபத்தானவன். செல்லையாவை ஒதுக்கிய அளவுகோல் இதுதான். ஆனால் முதலாளியான பிறகு வேண்டிய குணங்கள் வேறு. கடை மாற்றுவது, புதுத் தோட்டத்துக்குக் கடன் கொடுப்பது, விலை சரியும்போது நிலத்தைப் பிடித்துக்கொள்வது எல்லாம் பணிவால் ஆகிற காரியங்கள் அல்ல. அந்த முறை நல்ல மேலாளைத் தேர்ந்தது. நல்ல முதலாளி அதிலிருந்து தற்செயலாகவே கிடைத்தார்.

பசித்த மாலுமிகள்

மேற்கே இந்தக் கேள்வி பொருளியல் நூல்களில் வெகுகாலம் இலக்கணமாக மட்டுமே இருந்தது. 1755இல் வெளிவந்த ரிச்சர்டு கன்டியோனின் நூல், தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவனைத் தனி வகையாகப் பிரித்தது. ஜோசப் சும்பீட்டர் 1911இல் அவனுக்குப் புதுமை புகுத்துபவன் என்ற மகுடம் சூட்டினார். ஒரு தெருவில் பத்துப் பேர் நின்றால் அவர்களில் அவன் யார் என்று கண்டுபிடிக்கும் வழியை இருவரும் சொல்லவில்லை.

வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஹார்வர்டு உளவியல் மருத்துவகத்தில் கிறிஸ்டியானா மார்கனும் ஹென்றி மர்ரியும் 1935இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். பொருள் தெளிவில்லாத படம் ஒன்றைக் காட்டி, கதை சொல்லச் சொல்வது. முதல் அட்டையில் ஒரு சிறுவன், எதிரே மேசையில் வயலின், கன்னத்தில் கை. அவன் என்ன நினைக்கிறான்? பார்ப்பவர் சொல்லும் கதையில் அவருடைய மனமே வெளிப்படும் என்பது நம்பிக்கை.

டேவிட் மெக்லெலண்டும் ஜான் அட்கின்சனும் இதை எண்ணாக்கினார்கள். முதலில் அவர்கள் அளந்தது பசியை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கித் தளம் ஒன்றிலிருந்த மாலுமிகளில் சிலரை 1 மணி நேரமும், சிலரை 4 மணி நேரமும், சிலரை 16 மணி நேரமும் உணவில்லாமல் இருக்கவைத்துக் கதை எழுதச் சொன்னார்கள். 1948இல் வெளிவந்த முடிவு அழகானது. பசி கூடக் கூட, கதைகளில் சாப்பிடும் காட்சி கூடவில்லை. சாப்பாடு கிடைக்காமையும் அதைத் தேடி அலைவதும்தான் கூடின. பசியைக் கதையில் எண்ண முடியுமானால், சாதிக்கும் தவிப்பையும் எண்ணலாம் அல்லவா? அப்படிப் பிறந்ததுதான் 'சாதனைத் தேட்டம்' என்ற அளவு.

வயலின் படத்துக்கு ஒருவர், "அப்பா கட்டாயப்படுத்தி வகுப்புக்கு அனுப்புகிறார், பையனுக்கு வெளியே விளையாடப் போகவேண்டும்" என்று எழுதினால் அந்தக் கணக்கில் மதிப்பெண் இல்லை. "நேற்றுத் தப்பிய இடம் எது என்று யோசிக்கிறான், அடுத்த மாதக் கச்சேரிக்குள் அதைச் சரிசெய்தாக வேண்டும்" என்று எழுதினால் உண்டு. இலக்கு, தடை, முயற்சி, தோல்விக் கவலை என்று ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்ற ஒருவர் குறித்துக் கூட்டுவார்.

வளையம் எறியும் விளையாட்டு இன்னும் எளிது. தரையில் ஒரு முளை, கையில் வளையங்கள். எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் நின்று எறியலாம். சாதனைத் தேட்டம் மிக்கவர்கள் முளையை ஒட்டியும் நிற்பதில்லை, எட்டாத தூரத்துக்கும் போவதில்லை. தவறலாம், ஆனால் முயன்றால் விழும் என்ற இடைத் தூரத்தில் நிற்கிறார்கள். தொழில்முனைவோர் சூதாடிகள் என்ற பொது நினைப்பை இது உடைத்தது. மெக்லெலண்டின் பணியில் இன்றும் தேயாத பகுதி இதுவென்றே கருதுகிறேன்.

அவரோ அதோடு நிற்கவில்லை. 1961இல் வந்த 'தி அச்சீவிங் சொசைட்டி' நூலில் பல நாடுகளின் பள்ளிச் சிறார் வாசகப் புத்தகக் கதைகளுக்கு மதிப்பெண் போட்டு, மின் உற்பத்தி வளர்ச்சியோடு ஒப்பிட்டு, நாடுகள் முன்னேறுவதன் காரணத்தைத் தொட்டுவிட்டதாக வாதிட்டார். பாலபாடக் கதையிலிருந்து மின்நிலையம் வரை ஒரே தாவல். இந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் அவர் இந்தியாவுக்கு வந்திருக்க மாட்டார் என்பதும் உண்மை.

காக்கிநாடாவும் வேலூரும்

மெக்லெலண்டின் திட்டப்படி 1964இல் ஆந்திரத்துக் காக்கிநாடாவின் வணிகர்கள் 52 பேர் குழு குழுவாக ஹைதராபாத்துக்குப் போய், அங்கிருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி பெற்றார்கள். நம் வேலூரிலிருந்தும் ஒரு தொகுதி வணிகர்கள் பயிற்சி பெற்றார்கள். பயிற்சி பெறாத ராஜமுந்திரி ஒப்பீட்டுக்காக. தமிழ்நாட்டு மேலாண்மைப் பாடநூல்கள் காக்கிநாடாவை மறக்காமல் சொல்லும், வேலூரை விட்டுவிடும். இது எனக்குப் புரியாத ஒன்று.

பயிற்சியில் வளையம் எறிந்தார்கள், படத்துக்குக் கதை எழுதினார்கள். பிறகு அந்தக் கதைக்கு மதிப்பெண் போடும் முறையையே கற்றுக்கொண்டு, சாதனையாளர் எழுதுவது போல எழுதிப் பழகினார்கள். இங்கேதான் சோதனை தலைகீழாகிறது. அதுவரை அளவுகோலாக இருந்தது பாடமாகிவிட்டது. குணம் பிறவியில் வருவது என்று நம்பும் எவரும் இதைச் செய்யமாட்டார்.

மெக்லெலண்டும் டேவிட் வின்ட்டரும் 1969இல் வெளியிட்ட நூலின்படி, பயிற்சிக்குப் பின்னான இரண்டாண்டுகளில் பயிற்சி பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தொழிலில் புதிதாக ஏதாவது செய்திருந்தனர். மற்றவர்களில் கால்வாசிப் பேரே அப்படி. இன்னொன்றும் தெரிந்தது. மரபான நம்பிக்கையும் ஆசாரமும் உடையவர்கள் பின்தங்கவில்லை. நெற்றிக்குறிக்கும் முதலீட்டுக்கும் பகையில்லை என்பதைக் காக்கிநாடா நிறுவியது. இந்து மனம் தொழிலுக்கு உகந்ததல்ல என்று மாக்ஸ் வேபரின் வழியில் பேசி வந்தவர்களுக்கு இது நல்ல பதில்.

எனக்கு முக்கியமாகப் படும் முடிவு வேறு. தன் கடையில் தானே முடிவெடுக்கும் நிலையில் இருந்தவர்களிடம்தான் பயிற்சி வலுவாக வேலை செய்தது. அப்பாவோ அண்ணனோ சாவியை இடுப்பில் செருகியிருக்கும் வீட்டில், பயிற்சி பெற்ற தம்பியால் பெரிதாக எதுவும் நகரவில்லை. வளையத்தை எங்கே நின்று எறிவது என்று தீர்மானிக்கும் உரிமை முதலில் வேண்டும்.

கடன் கொடுப்பவரின் மேசை

குஜராத்தில் கதை வெளிப்படையாகவே கடனோடு சேர்கிறது. அம்மாநிலத் தொழில் முதலீட்டுக் கழகம் 1969இல், தொழில்நுட்பம் தெரிந்து சொத்து இல்லாதவர்களுக்கு ஈடு இல்லாமல் முழுத் தொகையும் கடன் தரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஈட்டை நீக்கியதும் யாரை நம்புவது என்ற சிக்கல் எழுந்தது. அடுத்த ஆண்டே தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பயிற்சி வந்தது. அதன் வாசலில் குணத் தேர்வு நின்றது. பத்திரம் இருந்த இடத்தில் மனம். இதை முன்னின்று வளர்த்த வி. ஜி. படேல், 1983இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கியபோது அதன் தலைமையில் இருந்தார். அந்த நிறுவனத்தின் பின்னால் நின்றவை ஐ.டி.பி.ஐ., ஐ.எஃப்.சி.ஐ., ஐ.சி.ஐ.சி.ஐ., பாரத ஸ்டேட் வங்கி. நான்கும் கடன் கொடுப்பவை.

1980களில் அமெரிக்க உதவி முகமையின் செலவில் இந்தியா, மலாவி, ஈக்வடார் ஆகிய மூன்று நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. வென்ற தொழில்முனைவோரை உட்காரவைத்து, கடந்து வந்த நிகழ்ச்சிகளை விவரமாகச் சொல்லவைத்து, அதிலிருந்து திறன்களைப் பிரித்தார்கள். பத்துத் திறன்கள் என்று பின்னர் புகழ்பெற்ற பட்டியல் இதன் வழி வந்தது. வாய்ப்பைத் தேடுவது, விடாப்பிடி, ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுப்பது, கணக்கிட்ட துணிச்சல், திட்டமிடல், ஆள்பிடிக்கும் சாமர்த்தியம் இப்படி. 1988இல் அர்ஜென்டினாவில் தொடங்கிய ஐ.நா.வின் எம்பிரெடெக் பயிற்சி இந்தப் பட்டியலைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது.

அதன் வினாப்படிவத்தில் 55 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 5 வரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். 50 வாக்கியங்கள் பத்துத் திறன்களுக்கு. மிச்சம் 5 நம்மைப் பிடிப்பதற்கு! தன்னைப் பற்றி மிகையாகச் சொல்லிக்கொள்பவர் அவற்றில் அகப்படுவார். அந்த ஐந்தின் கணக்கு 20ஐத் தொட்டால் ஒவ்வொரு திறனிலும் 3 மதிப்பெண் வெட்டு, 24 அல்லது 25 என்றால் 7 வெட்டு. நான் ஒருமுறை நிரப்பிப் பார்த்தேன். வெட்டு விழுந்தது. என் நேர்மையின் குறையா, அன்றைய உற்சாகமா என்று சொல்லத் தெரியவில்லை. கடன் கேட்டு வந்தவர் தற்பெருமை பேசுவார் என்று எதிர்பார்த்துத் தள்ளுபடி செய்வது, நகைக்கடைக்காரர் செம்புக்குக் கழிப்பது போன்ற பழைய புத்திதான்.

கேள்வியே தப்பு

உளவியல் துறைக்குள் இதற்குள் நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. ஜூலியன் ராட்டர் 1966இல் வெளியிட்ட 29 வினாக்கள் கொண்ட படிவம், நடப்பதற்குத் தன் முயற்சி காரணமா, வெளிச்சக்தி காரணமா என்று பெரும்பாலான வினாக்களில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. முயற்சி என்பவரே தொழிலுக்கு உகந்தவர் என்று பிறர் அதை நீட்டினார்கள். திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழ், 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. இரண்டையும் மனப்பாடம் செய்து வளர்ந்தவர் இந்தப் படிவத்தில் எந்தப் பக்கம் குறியிடுவார்?

1980இல் ராபர்ட் பிராக்ஹவுஸ், தொழில்முனைவோரையும் சம்பள மேலாளர்களையும் ஒப்பிட்டு, துணிந்து இறங்கும் நாட்டத்தில் வேறுபாடு இல்லை என்றார். 1988இல் வில்லியம் கார்ட்னர், தொழில்முனைவோர் யார் என்று கேட்பதே தவறான கேள்வி என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். நிறுவனம் எப்படி உருவாகிறது, அப்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள், அவர் எப்படிப்பட்டவர் என்று தோண்டாதீர்கள் என்பது அவர் கட்சி. குணவாதிகள் தோற்று ஓடவில்லை. 2006இல் ஜாவோவும் சீபர்ட்டும் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, மேலாளர்களைவிடத் தொழில்முனைவோர் பொறுப்புணர்விலும் புதியதை ஏற்கும் மனத்திலும் சற்றுக் கூடுதல், விட்டுக்கொடுப்பதில் சற்றுக் குறைவு என்று காட்டினார்கள். வேறுபாடு இருக்கிறது. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அது அதிகம் சொல்லாது.

இலங்கையில் டி மெல், மெக்கென்சி, உட்ரஃப் மூவரும் செய்த ஆய்வு கேள்வியை வேறு பக்கம் திருப்பியது. ஆள் வைக்காமல் தனியாகத் தொழில் செய்பவர்களைச் சம்பளக்காரர்களோடும், ஆட்களை வைத்து நடத்தும் முதலாளிகளோடும் ஒப்பிட்டார்கள். 2010இல் வெளிவந்த முடிவு: தனித்தொழில் செய்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் சம்பளக்காரர்களையே ஒத்திருந்தார்கள். பெட்டிக்கடையும் தையல் எந்திரமும் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் முதலாளி ஆகும் வழியில் நிற்பவர்கள் அல்லர். வேலை கிடைக்காததால் கடை வைத்தவர்கள். நுண்கடன் கொடுப்பவர்கள் அவர்களையும் தொழில்முனைவோர் என்றே அழைக்கிறார்கள்.

குலுக்கல்

அண்மைக் காலத்தில் வினாப்படிவம் மீண்டும் கடன் மேசைக்கே வந்துவிட்டது. ஹார்வர்டில் முளைத்த ஒரு முயற்சி, சொத்தோ வங்கி வரலாறோ இல்லாத சிறுதொழில் செய்பவர்களை மனப்பாங்கு வினாக்களால் எடைபோட்டுக் கடன் முடிவுக்கு உதவியது. பெருவில் ஒரு வங்கி அதைப் பயன்படுத்தியது. குஜராத்தில் 1970இல் நடந்ததன் கணினி வடிவம் இது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை நைஜீரியாவில் நடந்தது. 2011இல் அந்நாட்டு அரசு நடத்திய இளைஞர் தொழில்திட்டப் போட்டிக்கு ஏறக்குறைய 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். 1,200 பேருக்கு, ஆளுக்குச் சராசரியாக 50,000 டாலருக்கு நெருக்கமான தொகை. முதல்தர மதிப்பெண் பெற்றவர்களை நேராக எடுத்துக்கொண்டு, மற்ற இடங்களை அரையிறுதியில் மீதமிருந்தவர்களிலிருந்து குலுக்கல் போட்டு நிரப்பினார்கள். டேவிட் மெக்கென்சியும் டாரியோ சான்சோனும் பிறகு கணக்குப் பார்த்தபோது, யார் வளருவார் என்று நடுவர்கள் போட்ட மதிப்பெண் முன்கூட்டிச் சொல்லவில்லை. கணினி கற்றல் முறைகளும் அதைவிடப் பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனால் குலுக்கலில் பணம் கிடைத்தவர்களைக் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், மூன்றாண்டுகள் கழித்து அவர்களில் அதிகம் பேர் தொழிலில் நிலைத்திருந்தார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருந்தவர்களும் அவர்களில்தான் கூடுதல்.